வயலிலிருந்து வந்த மூத்தவன்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் மறைமாவட்டத்தில் ஒரு பங்கிற்கு உதவிப் பணியாளராக நாம் சென்று ஓராண்டு நிறையாத காலம் அது. அன்றைய நற்செய்தி எம்மாவு வழிச் சீடர் இருவரைப் பற்றியது. பல முறை மறையுரைத்த பகுதிதான். ஆயினும் அயல்மண்ணில் அயல்மொழியில் பேசுகிறவன், அவ்வூரார் அறிந்த ஒரு செய்தியைச் சொல்லித் தொடங்கினால் காது கொடுப்பார்கள் என்று நாம் கணக்கிட்டோம். பங்கு இல்லத்து மேசைமேல் கிடந்த காலை நாளிதழைப் புரட்டினோம். தேடிய உவமை பெரிய வண்ணப் படத்தோடு கிடைத்துவிட்டது.

வேல்சு நாட்டின் வடகிழக்கு மூலையில் ரெக்சம் என்றொரு நகர். 1864இல் தோன்றிய அவ்வூர்க் கால்பந்துக் கழகம் 2008இல் இங்கிலாந்தின் நான்கு உயர் பிரிவுகளிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டு, ஐந்தாம் படிநிலையாகிய நேஷனல் லீகில் பதினைந்து ஆண்டுகள் கிடந்தது. 2021 பிப்ரவரியில் ரயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கெல்ஹென்னி என்னும் நடிகர் இருவர் அதனை ஏற்றுக்கொண்டனர். அக்கழகத்தின் வாழ்வு அடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொடராக உலகெங்கும் ஓடியது. ஏப்ரல் 22ஆம் நாள் சனிக்கிழமை, போர்ஹம் வுட் அணியை மூன்றுக்கு ஒன்று என வென்று ரெக்சம் மேற்படிக்கு ஏறியது. ஞாயிறு நாளிதழில் ஆனந்தக் கண்ணீர், கட்டித் தழுவல், களத்தில் புகுந்த மக்கள் வெள்ளம். நாமும் பீடத்தருகில் நின்று, பதினைந்து ஆண்டுகள் கல்லறையில் கிடந்த ஒரு கழகம் எழுந்து வந்ததைப் பாருங்கள் என்று முழங்கினோம்.

கோவிலில் ஓர் அமைதி. உள்ளம் தொட்ட அமைதி என்றே அந்நேரம் நினைத்தோம். பின்வரிசை இளைஞர் சிலர் குனிந்து சிரித்தது நம் கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை. திருப்பலி முடிந்து வாயிலில் நின்றபோது, ஞாயிறு தவறாமல் கைகுலுக்கிச் செல்லும் முதியவர் ஒருவர் தூணைச் சுற்றிக்கொண்டு மறு வாயிலால் வெளியேறினார். அவர் கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடிட்ட துண்டு. திருப்பண்ட அறைப் பொறுப்பிலிருந்த அம்மையார்தாம் மெல்லச் சொன்னார்: “ஃபாதர், தாங்கள் நாட்டிங்காமில் நிற்கிறீர்கள் என்பதை மறந்துவிட்டீர்கள்.”

நாம் மறக்கவில்லை, அறியவே இல்லை என்பதே உண்மை. அந்நகரில் ட்ரென்ட் ஆற்றுக்கு இப்பாலும் அப்பாலுமாக இரு கழகங்கள் உண்டு. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 2022இல் முதல் படிநிலைக்குத் திரும்பியிருந்ததால் அதன் பெயர் நமக்கும் தெரியும். மற்றது நாட்ஸ் கவுண்ட்டி. 1862இல் தோன்றிய அது, உலகின் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்களுள் மிகப் பழையது என்று போற்றப்படுவது. இத்தாலியின் புகழ்பெற்ற யுவெந்துஸ் அணி இன்றும் உடுத்தும் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டை 1903இல் நாட்ஸ் கவுண்ட்டியைப் பார்த்து எடுத்துக்கொண்டதாகும். அத்தகைய கழகமும் 2019இல் ஐந்தாம் படிநிலைக்கு வீழ்ந்தது. அந்தப் படிநிலையிலிருந்து போட்டி ஆட்டங்களின்றி நேரே மேலேறுவது ஆண்டுக்கு ஒரே ஓர் அணி.

அந்த ஆண்டு நிகழ்ந்தது விந்தை. அதுவரை நேஷனல் லீகில் எவரும் எட்டிய உச்சம் 105 புள்ளிகள். ரெக்சம் பருவ முடிவில் 111 பெற்றது. நாட்ஸ் கவுண்ட்டி பெற்றது 107. நாற்பத்தாறு ஆட்டங்களில் இரண்டும் தோற்றவை மும்மூன்றே. ரெக்சம் அடித்த கோல்கள் 116. நாட்ஸ் கவுண்ட்டி அடித்தவை 117. வேறெந்த ஆண்டாயினும் அது முடிசூடியிருக்கும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஏப்ரல் 10ஆம் நாள், ரெக்சம் மண்ணில் இரண்டும் மோதின. மூன்றுக்கு இரண்டு எனப் பின்தங்கிய நாட்ஸ் கவுண்ட்டிக்கு, குறித்த தொண்ணூறு நிமிடங்களும் கழிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெனால்டி உதை கிட்டியது. ஓய்விலிருந்து சில வாரங்களுக்குமுன் அழைத்துவரப்பட்ட நாற்பது வயதுக் கோல் காவலர் பென் ஃபாஸ்டர் பாய்ந்து அதனைத் தடுத்தார். ஒரு கையகலத்தில் ஓர் ஆண்டு உழைப்பு போயிற்று. நாம் உயிர்ப்பு என்று கொண்டாடியதன் மறுபக்கம் நம் முன்னே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தது.

அம்முதியவர் நம் பங்கில் ஞாயிறு காணிக்கையைத் திங்கள்தோறும் எண்ணித் தருபவர். எழுபதைக் கடந்தவர், ஐரிஷ் வழியினர், பதினைந்து வயதில் நாட்டிங்காம்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, சுரங்கங்கள் மூடப்படும்வரை உழைத்தவர். மறுநாள் வழக்கம்போல் வந்தார். நாணயங்களை அடுக்கினார், தாள்களைக் கட்டினார், கணக்கேட்டில் ஒப்பமிட்டார். அதுவரை ஒரு சொல் பேசவில்லை. பின்பு சட்டைப்பையிலிருந்து நாளிதழ்த் துண்டொன்றை எடுத்து விரித்தார். நாம் மறையுரைக்கு எடுத்த அதே செய்தி. கடைசிப் பத்தியின் கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் கோடிட்டிருந்தார். இரண்டாம் இடம் பெறும் அணி மேலேற இன்னும் போட்டி ஆட்டங்கள் ஆடவேண்டும் என்பது அவ்வரியின் பொருள். அணியின் பெயர் அங்கே இல்லை.

“தோற்றதற்காக வருந்தவில்லை, ஃபாதர். என் தந்தை ஆறு வயதில் என்னை மெடோ லேன் திடலுக்கு அழைத்துச் சென்ற நாள்முதல் தோற்றுப் பழகியவன் நான். ஆனால் அந்த ஓட்டத்தில் நாங்களும் ஓடினோம் அல்லவா? தனியாக ஓடியவனுக்கு இவ்வளவு பெரிய வெற்றி எப்படி வந்தது?”

நாம் விடை சொல்லாமல் தேநீர் ஊற்றினோம். இவையெல்லாம் தேநீர் மேசையில் பேசப்பட்டவை, எழுத அவரே இசைந்தவை என்பதை வாசக அன்பர்கள் அறிக. ஒப்புரவுத் தொட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தோம். இதனைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. வள்ளுவர் அழுக்காறாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். தாய்ப்பாலுக்குத் தன்னோடு போட்டியிடும் குழந்தையை வெளிறிய முகத்தோடு நோக்கிய பச்சிளங்குழவியைத் தாம் கண்டதாகப் புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கை அறிக்கையில் எழுதுகிறார். ஆனால் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாளில், புனித தோமா அக்குவினார் இவ்விடத்தில் காட்டிய நுட்பம் நம் மனத்தில் தங்கியிருந்தது. பிறர் நலங்கண்டு மனிதன் அடையும் துயரத்தை அவர் நான்காகப் பிரிக்கிறார். அந்த நலத்தால் நமக்குக் கேடு வருமோ என்ற அச்சம் ஒன்று. அவனிடம் உள்ளது நம்மிடம் இல்லையே என்ற ஏக்கம் இரண்டாவது. நற்பண்புகளை நாடி ஏங்கினால் அது போற்றத் தக்கதே. தகுதியற்றவனுக்குக் கிட்டியதே என்னும் சினம் மூன்றாவது. அவன் நலம் நம்முடையதை விஞ்சுகிறதே என்னும் வருத்தம் நான்காவது. இதுவே பொறாமை, இதுவே பாவம்.

எதிரணி இரசிகர்களிடையே நாம் பின்னாளில் கேட்டவற்றுள் பெரும்பகுதி மூன்றாம் வகையைச் சார்ந்தது. “பணத்தால் வாங்கிய வெற்றி” என்பதே அவர்களின் பொதுப் பல்லவி. அதில் சிறிது உண்மை உண்டு. தமக்கு மேலிருந்த படிநிலையில் ஒரே பருவத்தில் மிகுதியான கோல்கள் அடித்த பால் மல்லினை 2021இல் ரெக்சம் தன் பக்கம் இழுக்க முடிந்தது எதனால் என்று கேட்கலாம். ஆனால் நாட்ஸ் கவுண்ட்டியும் ஏழைக் கழகமன்று. டென்மார்க்கைச் சேர்ந்த சகோதரர் இருவர் 2019இல் அதனை வாங்கிக் கரையேற்றினர். இதனை நாம் எடுத்துக் காட்டியபோது முதியவர் சிரித்து, “எங்களவர் நடிகர்கள் அல்லர், அதுதான் குறை” என்றார். செல்வந்தரின் கழகத்தைச் செல்வந்தரின் கழகம் குறைகூறுவதில் நமக்கு அவ்வளவு ஈடுபாடில்லை.

ஆனால் முதியவரின் துயரம் அந்த நான்கனுள் எதிலும் அடங்கவில்லை. ரெக்சத்தின் வெற்றியை அவர் மறுக்கவில்லை. அதனைத் தமதாக்க விரும்பவுமில்லை. அந்த ஊரின்மேல் அவருக்குப் பகையுமில்லை. இதனை ஐயமற நாம் அறிந்தது வேறொரு திங்கட்கிழமை.

ரெக்சத்துக்கு அருகில் கிரெஸ்ஃபோர்டு என்னும் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1934 செப்டம்பர் 22ஆம் நாள் விடியற்காலையில் அங்கே வெடிப்பு நேர்ந்து 266 பேர் மாண்டனர். சனிக்கிழமை பிற்பகல் ரெக்சம் அணி ஆடவிருந்த ஆட்டத்தைக் காணவேண்டி, பணிமுறையை மாற்றிக்கொண்டு வெள்ளி இரவே சுரங்கத்தில் இறங்கியவர் அவர்களுள் பலர். பெரும்பாலோரின் உடல்கள் வெளியே கொண்டுவரப்படவே இல்லை. அவர்களை உள்ளே வைத்தே சுரங்கத்தின் அப்பகுதியை மூடினர். அவர்கள் நினைவாக வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இயற்றிய ‘கிரெஸ்ஃபோர்டு’ என்னும் சொல்லற்ற இசையை அந்நாட்டின் சுரங்கத் தொழிலாளர் விழாக்களில் பித்தளை வாத்தியக் குழுக்கள் வாசிப்பது வழக்கம்.

“அந்த இசை எழுந்தால் என் தந்தை தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார். நானும் நிற்பேன். ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டுச் செத்தவர்கள், ஃபாதர். நான் செய்யாத எதை அவர்கள் செய்தார்கள்?” என்றார் முதியவர். பிறகு சொன்னார்: “அந்தச் செய்தித்தாள்காரர் எங்களை மட்டுமா மறந்தார்? ரெக்சத்துக்காரர்களையும்தானே மறந்தார்.”

உண்மைதான். நடிகர்கள் வருமுன் 2011 முதல் பத்தாண்டுகள் அக்கழகத்தைக் கட்டிக் காத்தது அதன் இரசிகர் அறக்கட்டளை. அவ்வாண்டு ஆகஸ்டில், அடுத்த பருவத்தில் ஆடப் பிணைத்தொகை கட்டவேண்டிய நெருக்கடியில், ஒரே நாளில் ஒரு இலட்சம் பவுனுக்குமேல் திரட்டினார்கள். தொலைக்காட்சித் தொடர் அவ்வூர் மக்களின் வாழ்வையும் காட்டியது. அதனைச் சொல்லாவிடில் நாமும் நீதி தவறியவராவோம். நம் கையில் கிடந்த நாளிதழில் மட்டும், வெற்றியடைந்தவர்கள் இருவர். இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். செத்துக்கிடந்த கழகத்தை அவர்கள் எழுப்பினார்கள் என்று நாம் மறையுரையில் சொன்னதும் அந்த நாளிதழை நம்பித்தான். பத்தாண்டுகள் அதனைச் சாகவிடாமல் வைத்திருந்தவர்களை அக்கதை கல்லறைக்குள் தள்ளியது.

ரெக்சம் என்ற பெயர் கத்தோலிக்கருக்குப் புதியதாக இருக்கவேண்டியதில்லை என்பதையும் இங்கே குறிக்கிறோம். 1987 முதல் அது ஒரு மறைமாவட்டத்தின் தலைநகர். வேல்சு நாட்டுப் பள்ளி ஆசிரியரும் குடும்பத் தலைவருமான புனித ரிச்சர்டு க்வின் 1584 அக்டோபர் 15ஆம் நாள் விசுவாசத்துக்காகக் கொடிய முறையில் கொல்லப்பட்டது அந்நகரில்தான். வியாகுல அன்னை பேராலயத்தில் அவரது திருப்பண்டம் உள்ளது. குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாம், அவ்வூரைக் குறித்து இவற்றுள் ஒன்றையேனும் நினையாமல், நடிகர் இருவரைக் கொண்டு பாஸ்கா மறையுரை செய்தோமே என்று பின்னர் வெட்கினோம்.

மறையுரையில் நேர்ந்த பிழை அதனினும் பெரிது. லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில், ஊதாரி மைந்தன் திரும்பிய நாளில் மூத்தவன் வயலில் இருந்தான். கொழுத்த கன்று அடிக்கப்பட்டது, இசை எழுந்தது, ஆடல் தொடங்கியது. வயலுக்கு ஆள் அனுப்பி மூத்தவனை அழைத்ததாக நற்செய்தியாளர் எழுதவில்லை. மாலையில் களைத்து வந்தவன், தன் வீட்டு விருந்தைப் பற்றிப் பணியாளன் ஒருவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். அவன் முகம் கறுத்ததற்கு ஆட்டுக்குட்டி மட்டுமா காரணம்? முப்பது ஆண்டுகளாக அவனைப் பொறாமைக்காரன் என்றே மறையுரைத்து வந்திருக்கிறோம். தந்தையோ அவனைத் தேடி வெளியே வந்தார் என்ற வரியை வேகமாகக் கடந்துவிடுவோம். எம்மாவு வழியிலும் அவ்வாறே. வாடிய முகத்தோடு நடந்தவர்களை அணுகிய ஆண்டவர், எருசலேமில் நடந்தது அனைத்தையும் தாமே அறிந்திருந்தும், என்ன நடந்தது என்று கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உடன் நடந்தார். விளக்கம் அதற்குப் பின்புதான். நாமோ அன்று எம்மாவை வாசித்துவிட்டு, வாடிய முகத்தோர் நேரெதிரே அமர்ந்திருக்க, வெற்றிபெற்ற ஊரின் கதையை அவர்களுக்குச் சொன்னோம்.

அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்து மன்னிப்புக் கேட்பதா என எண்ணி, வேண்டாமென விட்டோம். அதுவும் நம்மைப் பற்றிய பேச்சாகவே முடியும் என்று தோன்றியது. மே 13ஆம் நாள் வெம்ப்ளி அரங்கில் நாட்ஸ் கவுண்ட்டிக்கும் செஸ்டர்ஃபீல்டுக்கும் இறுதி ஆட்டம். மறுநாள் திருப்பலிக்கு முதியவர் கறுப்பு வெள்ளைத் துண்டோடு, தொண்டை கட்டிய குரலோடு வந்தார். வென்றார்கள் என்பது நமக்குத் தெரியும். நாளிதழையும் படித்திருந்தோம். ஆயினும் அவரைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து உட்கார வைத்து, “என்ன நடந்தது?” என்று கேட்டோம்.

அவர் வெம்ப்ளியிலிருந்து தொடங்கவில்லை. அரையிறுதியில் போர்ஹம் வுட் அணியிடம் இரண்டு கோல் பின்தங்கியதிலிருந்து தொடங்கினார். அது சமனாகி, கூடுதல் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மூன்றாம் கோல் விழுந்ததை எழுந்து நின்று காட்டினார். இறுதி ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. பெனால்டி உதைகளுக்கென்றே களத்தில் இறக்கப்பட்ட மாற்றுக் கோல் காவலர் ஆர்ச்சி மேர். நான்குக்கு மூன்று என வெற்றி. இடையிடையே அவர் தந்தை வந்தார், சுரங்கம் வந்தது, மறைந்த மனைவி வந்தார். தேநீர் ஆறி ஏடு படிந்தது. பதினொரு மணித் திருப்பலிக்கு நாம் ஐந்து நிமிடம் தாமதமாகச் சென்றோம், அதற்காக வருந்தவில்லை.

அவரைப் புனிதராக்க நாம் எழுதவில்லை. 2023 ஆகஸ்ட் 5ஆம் நாள், நான்காம் படிநிலையில் ரெக்சம் ஆடிய முதல் ஆட்டத்திலேயே சொந்த மண்ணில் ஐந்துக்கு மூன்று எனத் தோற்றது. அடுத்த திங்களன்று முதியவர் சீழ்க்கையடித்துக்கொண்டே காணிக்கை எண்ணினார். அதே நாளில் நாட்ஸ் கவுண்ட்டியும் சட்டன் அணியிடம் ஐந்துக்கு ஒன்று என உதை வாங்கியிருந்தது. அது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பிறர் வீழ்ச்சியில் மகிழ்தல் பொறாமையின் மகள்களுள் ஒருத்தி என்று புனித தோமா எழுதியிருப்பதை எடுத்துச் சொன்னோம். “அவருக்கு எந்தக் கழகம், ஃபாதர்?” என்று கேட்டார். நாமும் சிரித்துவிட்டோம், அந்தத் தோல்விச் செய்தியை இருமுறை படித்திருந்தோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

2024 ஏப்ரல் 13ஆம் நாள் ரெக்சம் மீண்டும் மேற்படிக்கு ஏறியது. அதே நாளில், புள்ளிப் பட்டியலில் அதற்கும் மேலே நின்ற ஸ்டாக்போர்ட் கவுண்ட்டியும் மேலேறியது. மறுநாள் பங்கு இல்லத்து நாளிதழில் பெரிய படம் யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. மூன்று நாள் கழித்து, செவ்வாய் இரவு, ஸ்டாக்போர்ட் அணி மெடோ லேன் திடலுக்கே வந்து, நாட்ஸ் கவுண்ட்டியை ஐந்துக்கு இரண்டு என வீழ்த்தி, அப்பிரிவின் வாகையராயிற்று.

திங்களன்று முதியவர் கடுஞ்சளியோடு வந்தார். தோற்ற ஆட்டத்துக்கு இரவுக் குளிரில் கடைசிவரை நிற்பானேன் என்று கடிந்துகொண்டோம். ஆட்டம் முடிந்ததும் தம் பக்கத்து இருக்கைகள் காலியாகிவிட்டன என்றார். ஸ்டாக்போர்ட் மக்கள் எதிர்ப்புறம் பாடிக்கொண்டிருந்தனராம். அவர்கள் பாடி முடித்துக் கலையும்வரை தாம் கைதட்டிக்கொண்டு நின்றதாகச் சொல்லி, மூக்கைச் சிந்திவிட்டு, நாணயப் பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார்.